பாசிக்குள் ஒரு சொல்

1

"ஆறுதலா, ஆறுதலா எண்டு தொண்டை கிழியக் கத்தினனான், நீங்கள் என்னெண்டால் –"

"ஆறுதலாத்தானே பேசினேன்? ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்னு –"

"கதைக்கச் சொன்னனானே? இழுக்கிறதை ஆறுதலா இழுங்கோ எண்டன்."

"ஆறுதலா எப்படிடீ இழுக்கிறது?"

இந்த இடத்தில் பேருந்து குலுங்கி நின்றது. கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். இத்தாலியின் பலேர்மோ ரயில் நிலையத்திலிருந்து ஒரேத்தோப் பக்கம் போகும் பேருந்தில், என் இருக்கைக்குப் பின்னால், பாதியில் தொடங்கிய சண்டையாக. எனக்குக் கதைகள் குரலாகத்தான் வருகின்றன. முகத்தைப் பிறகு நான் ஒட்டிக்கொள்ளவேண்டும். அன்று முகத்துக்கு முன்னால் மணம் வந்தது. அழுகிய பாசியின் மணம்.

[திரும்பிப் பார்த்தீரா என்று கேட்பீர்கள். பார்த்தேன். கிழவி திரும்பிப் பார்த்தால் யாரும் கோபிப்பதில்லை.]

பெண்ணுக்கு ஒரு காலில்தான் சப்பாத்து. மற்றக் காலில் தொடைவரை பச்சைச் சேறு காய்ந்திருந்தது. ஆணின் மடியில் தூண்டில் தடி. அதிலிருந்து தொங்கிய தங்கூசி இழையின் நுனியில் முள்ளும் இல்லை, மீனும் இல்லை.

அவளுக்குத் துசானி என்றும் அவனுக்கு விக்ரம் என்றும் பெயர் வைத்தேன்.

2

மேலே போகுமுன் சொல்லைத் தீர்த்துவிடுவோம். யாழ்ப்பாணத்தாருக்கு 'ஆறுதலாக' என்றால் மெதுவாக, அவசரப்படாமல். தமிழ்நாட்டாருக்கு ஆறுதல் என்பது கலங்கி நிற்பவரைத் தேற்றச் சொல்வது. துசானி இந்த ஊரிலேயே பிறந்து, வீட்டுக்குள் யாழ்ப்பாணத் தமிழ் பேசி வளர்ந்தவள். துறைமுகத்தில் கப்பல் பயணச்சீட்டு விற்கிறாள். விக்ரம் கோயம்புத்தூரிலிருந்து இங்கே ஆய்வு செய்ய வந்து, அவளோடு சில வருடமாகப் பழகுகிறவன்.

இவ்வளவு காலம் பழகி இந்தச் சொல்கூடவா தெரியாது? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. விக்ரமை நம்பமுடியாமல் எழுதுவதை நிறுத்திவைத்தேன். பிறகுதான் உறைத்தது: துசானி அவசரக்காரி. அவளிடமிருந்து அவன் கற்றது 'கெதியா' என்ற சொல்லை. கெதியா வாங்கோ, கெதியாச் சாப்பிடுங்கோ, கெதியாச் சொல்லுங்கோ. மெதுவாக ஏதாவது செய் என்று அவள் அவனிடம் கேட்டதே இல்லை, அந்தச் சேற்றில் இறங்கும்வரை.

3

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

மலைமேல் அந்த நீர்த்தேக்கம் பச்சைப் பட்டு விரித்தாற்போல –

[வேண்டாம். மழை பொய்த்த வருடம் அது. தண்ணீர் உள்வாங்கி, முழங்கால் ஆழத்தில் நிற்கிறது. அதன்மேல் பாசி, ஆறிப்போன கூழில் படியும் ஆடையைப்போல. பட்டாம்!]

இன்னொரு தொடக்கம்:

விக்ரமுக்குப் பாஸ் மீன்* என்றால் பைத்தியம் –

[இதுவும் வேண்டாம். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் மீனைச் சொன்னால் ஏமாற்று.]

கோயம்புத்தூரில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். கல்யாணம் செய்துகொண்டு என்னோடு வருகிறாயா என்று அன்று காலை, மலை ஏறும் பேருந்தில் துசானியிடம் கேட்டுவிட்டான். அவள் சிரித்தாள். முதல் மீன் கரைக்கு வரட்டும், சொல்லுறன் என்றாள்.

ஆகவே அன்று தூண்டிலில் மாட்டவேண்டியது மீன் மட்டும் அல்ல.

* இத்தாலியர்கள் குளங்களில் விட்டு வளர்த்த அமெரிக்க மீன். வாய் பெரிது. பாசிக்கு அடியில் பதுங்கியிருந்து, மேலே தவளை தத்தினால் பாசியைப் பிய்த்துக்கொண்டு வந்து கவ்வும். விக்ரம் தத்தவிட்டது ரப்பர் தவளை.

4

மீன் கவ்வியது. கவ்விய வேகத்தில் பாசிக்குள் தலையைச் செருகிக்கொண்டது. தங்கூசி விறைத்தது. தளர்த்தினால் மீன் முள்ளை உதறிவிடும். வெடுக்கென்று இழுத்தால் பாசியின் பாரத்தில் இழை போய்விடும். யாராவது இறங்கிக் கையால் அள்ளவேண்டும். உங்கடை பாரம் கூட, நான் போறன் என்று துசானி இறங்கினாள், கெதியாக.

தண்ணீருக்கு அடியில் தரை இருக்கும் என்று நினைத்திருந்தாள். இருந்தது தரை அல்ல. முழங்கால் போயிற்று. உதறினாள், தொடை போயிற்று. பாசி இடுப்பைச் சுற்றிக்கொண்டது. பிடிக்க ஏதாவது தேடினாள். கைக்கு வந்ததெல்லாம் வழுவழுத்துக் கழன்றது.

விக்ரம் கைவலையின் நீண்ட பிடியை நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள்.

"ஆறுதலா," என்றாள். "ஆறுதலா, விக்ரம்."

அவள் குரலில் அவன் அதற்குமுன் கேட்டிராத பயம் இருந்தது. அதனால் அவள் கேட்டதாக அவன் நினைத்ததைக் கொடுத்தான். ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல, பயப்படாதே என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே, பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

ஒரு கால் வந்தது. மற்றது சப்பாத்தோடு உள்ளே நின்றது. முழங்கால் திருகியது. துசானி முகம் குப்புறப் பாசிக்குள் விழுந்தாள்.

[அப்போது அவனுடைய மற்றக் கையில் என்ன இருந்தது? இந்த வரியில் நான் பலமுறை பேனாவை வைத்துவிட்டேன்.]

5

பேருந்தில் துசானி அதைத்தான் கேட்டாள்.

"ஒரு கையாலைதானே இழுத்தனீர்? மற்றக் கையிலை தடி."

மரியாதை ஒரு படி இறங்கி, 'நீங்கள்' 'நீர்' ஆகிவிட்டதைக் கவனியுங்கள். அவன் கவனிக்கவில்லை. தங்கூசி அறுந்துபோச்சு என்று ஏதோ முனகினான். பிறகு, கொஞ்சம் உரக்க, நான்தான் அறுத்தேன் என்றான்.

அறுந்தது என்றால், அவள் வாய்க்குள் பாசி போன கணத்திலும் அவன் மீனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அறுத்தான் என்றால், அவள் பதிலையே தண்ணீரில் விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்தான். அவள் முகம் சேற்றில் இருந்தது, பார்த்திருக்க முடியாது. தங்கூசியின் நுனி கத்தி பட்டதா பிய்ந்ததா என்று என்னால் பார்த்திருக்க முடியும். என் கண்ணாடி பைக்குள் கிடந்தது.

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் அவள் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறாள். இன்னொன்றில் திங்கட்கிழமை துறைமுகத்தில், நாப்போலிக் கப்பல் ஊதும்போது, சீட்டுச் சன்னலில் அவள் அடுத்த ஆளை வரச்சொல்லி – இரண்டையும் கிழித்தேன். நான் கேட்டது அவ்வளவு தூரம் போகவில்லை. கேட்டதைத் தருகிறேன், மிச்சம் உங்களுடையது.

மெதுவாக என்றுதான் அர்த்தமா என்று அவன் கடைசியில் கேட்டான். ஓம் என்றாள். நான் இறங்கவேண்டிய இடம் வந்து போயிற்று. நான் எழும்பவில்லை.

"காலையில ஒண்ணு கேட்டேன், துசா."

"மீன் கரைக்கு வரேல்லையே."

"மீனை விடு."

துசானி குனிந்து, சப்பாத்தில்லாத காலில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். அவன் காத்திருந்தான்.

"ஆறுதலாச் சொல்லுறன்," என்றாள்.

"இது உங்க ஆறுதலா, எங்க ஆறுதலா?"