அவர் நின்ற இடம்

ஈட்டி ஆயுதம் இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சண்டை போட்டவள் நான். "விளையாட்டுச் சாமான் சார். பந்து, மட்டையோட கடையில விக்கிறாங்க" என்றேன். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். தலையை நிமிர்த்தாமல், "உயிர் போயிருக்கேம்மா, வேற என்னன்னு எழுதச் சொல்றீங்க?" என்றார்.

போனது என் வீட்டுக்காரரின் உயிர். எறிந்தது எங்கள் மகள்.

விபத்துதான் என்று முடிவாகி, இன்று காலையில் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆளை விட நீளமான அதை எந்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தே வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒதுங்கத் தெரியாமல் போனது அந்த மனுஷனுக்கு மட்டும்தான்.

முன்பெல்லாம் வீட்டில் பொழுது விடிந்தால் ஈட்டி, பொழுது அடைந்தால் ஈட்டி. "ஈட்டிக்காரி வந்தாச்சு, தட்டை வை" என்று வாசலிலிருந்தே கத்துவார். இப்போது நானும் மகளும் அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. 'அது' என்போம்.

மைதானத்தில், அவள் அதிகபட்சமாக எறிந்த இடத்தில் ஒரு குச்சி நட்டிருக்கும். அதற்கும் பின்னால் போய், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். "இதுவரைக்கும் வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்டி!" அவளைச் சீண்டினால்தான் அவள் கை நீளும் என்று அவருக்கு நினைப்பு. ஓரமாக நில்லுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன். "உன் பொண்ணு இங்க எறிஞ்சு கிழிச்சா!" என்பார்.

அன்று எறிந்துவிட்டாள்.

அதிலிருந்து அவள் வலது கையைத் தொங்கப் போட்டுவிட்டாள். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறாள். என் தையல் கடையில் அவள்தான் பட்டன் வைப்பாள். இப்போது ஊசியைத் தொடுவதில்லை. கையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போனவர் போய்விட்டார். அந்தக் கையையாவது எனக்குத் திருப்பிக் கொடு என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அவளிடம் சொல்லாமல் நான் விழுங்கி வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. மைதானத்துக் காவல்காரர் சொன்னது. அது வருவதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு எட்டு நகர்ந்திருந்தால் போதும். நகராமல், "போச்சுடி மீசை!" என்று கத்திக் கைதட்டினாராம். கேட்ட அன்று அவர் போட்டோவைத் திட்டித் தீர்த்தேன்.

இன்று தோளில் கொண்டுவந்த அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா பயந்துக்கிட்டுப் போகலடி. சந்தோஷமாத்தான் போனாரு. உன் கை எந்தத் தப்பும் பண்ணல."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அவர் கைதட்டினது. நான் பாத்தேன்." "அது போய்ட்டே இருந்துச்சு. எனக்கே நம்ப முடியல. அப்பா கைதட்டினாரு. 'தள்ளுங்கப்பா'ன்னு நான் கத்தியிருக்கணும்."

"கத்தலையா?"

"நானும் கைதட்டினேன்மா."

அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.