தஸ்பீஹ் கொடி

என் கணவர் ஹுனைஸின் தாத்தா, அதாவது அக்கா, பஸீஹா மதினிக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் கடலோர உச்சமுனையிலிருந்து கல்யாணமாகி மாம்புரிக்கு வந்த முதல் மாதமே, உச்சமுனைக்காரிக்கு மீனைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். கொழும்புக்குக் குடிபோனபோது தன் செடிகளையெல்லாம் பக்கத்து வீட்டு ஷிம்லாவிடம் கொடுத்தவர், ஒன்றை மட்டும் என்னிடம் தந்தார். தொங்குகிற கொடி. இலைக்குப் பதிலாகப் பட்டாணி போன்ற பச்சை மணிகள், ஓதி எண்ணும் தஸ்பீஹ் மாலை மாதிரி நூல் நூலாக இறங்கும்.

“பெருநாளைக்கு வருவன். வாடிப் போயிருந்தா இதையும் ஷிம்லாட்டக் குடுத்திருவன்” என்றார், ஷிம்லாவையும் வைத்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தாலும் இதை விட்டுக்கொடுப்பதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

அதுவரை நான் ஒரு செடியும் வளர்த்தவளில்லை. நல்ல தண்ணீர் அரிதான எங்கள் உச்சமுனை வீட்டில் அதைத் தரையில் விட்டால் உம்மா அடிக்க வருவார். அந்தப் பழக்கத்தில், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கும் தண்ணீரை பேசினில் பிடித்து, ஐந்து நேரமும் கொடிக்கு ஊற்றினேன். வீணாகாது, இறைவனின் பறக்கத்தும் கிடைக்கும் என்று நினைப்பு.

மணிகள் சுருங்கின. தாகமாக்கும் என்று அரிசி கழுவின தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன். பிறகு அவை கண்ணாடி போலாகி, தொட்டால் கூழாக உதிர்ந்தன. ஷிம்லா கெட்டவளில்லை. ஆனால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஒரு ‘ச்சு’ கொட்டுவாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்கு மாதவிலக்கு, தொழுகை இல்லாத நாட்கள் வந்தன. தொழுகை இல்லை என்றால் ஒளு இல்லை, ஒளு இல்லை என்றால் பேசினும் இல்லை. ஹுனைஸ் பள்ளிவாசலில் ஒளு எடுப்பவர். கொடியை மறந்தே போனேன். அந்த நாட்கள் முடிந்து குளித்துவிட்டு மறுபடி பேசினோடு போனால், உதிர்வது நின்றிருந்தது. ஒரு நுனியில் கடுகளவு புதுமணி.

பேசினைக் கீழே வைத்துவிட்டேன். என்ன வேலை பார்த்திருக்கிறேன்! தொழுதுதொழுதே அதை மூழ்கடித்திருக்கிறேன்.

சட்டியைக் கவிழ்த்தேன். வேர்கள் ஊசிப்போன இடியப்பம் மாதிரி கையோடு வந்தன, நாற்றம் வேறு. கெட்டியாக இருந்த கொடிகளை மட்டும் வெட்டி நிழலில் காயவைத்தேன். ஹுனைஸ் ஆற்றுமணல் கொண்டு வந்தார். அதில் செங்கல் உடைசலைக் கலந்து, கொடிகளை மேலே சுருட்டி வைத்து, சமைக்கிற குசினி ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

வெட்டியதும் நட்டதும் சுலபம், ஊற்றாமல் இருப்பதுதான் பாடு. ஒளுத் தண்ணீரை முற்றத்து முருங்கைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் கை தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். மணியை நசுக்கிப் பார்ப்பேன். கல்லாக இருந்தால் ஒரு சொட்டும் கிடையாது. துவண்டால் மட்டும் கொஞ்சம். ஒருநாள் கொடியை மெல்ல இழுத்தேன், வரவில்லை. வேர் பிடித்துவிட்டது. குசினியில் தனியாக நின்று அழுதேன், சிரித்தேன்.

பெருநாளுக்கு மதினி வந்தபோது கொடி சட்டியைத் தாண்டி ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. ஷிம்லாவும் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்திருந்தாள். மதினி மணிகளைத் தொட்டார், சட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“இது வேற கொடி. எங்க வாங்கின?”

எனக்குக் கோபமே வரவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து யாரும் பிடுங்க முடியாது.

“அதேதான் தாத்தா. செத்துப் போனத இவதான் எழுப்பினா” என்றார் ஹுனைஸ்.

மதினி என் பக்கத்தில் நெருங்கி வந்தார். பிறகு, கொழும்பில் புதிதாக வாங்கிய கொடியும் கூழாகிப் போனதாக, ஷிம்லாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். ரெண்டு துண்டு வெட்டித் தருவியா என்று கேட்டார்.

“தாறன் மதினி” என்றேன், ஷிம்லாவுக்கும் கேட்கும்படி. “இப்புடி இருங்க. எப்புடி வளர்க்கிறண்டு நான் சொல்லித் தாறன்.”