துண்டுக்குள் முடிந்த சோகம்

சாகிற நேரத்துப் பேச்சுதான் ஆளைக் காட்டும் என்பது அப்துல் சுபானின் கொள்கை. அதனால் அறுபத்தெட்டில் காரிமங்கலத்தில் அவர் எழுதிப் போட்ட சோக நாடகத்தில், அரசன் சாவதற்குமுன் இரண்டு பக்கம் செந்தமிழ் பேசியாக வேண்டும். அரசன் வேடம் மாட்டுத் தரகர் நாகனுக்கு. அவரைக் குத்த வேண்டிய துரோகத் தளபதி, வளையல் கடை தாவூது.

கடைசிக் காட்சியில் தாவூது வாளை நீட்டினார். "உயிரா, மகுடமா?"

நாகனுக்கு இரண்டு பக்கமும் மறந்துபோனது. திருதிருவென்று விழித்தவர், தோளில் கிடந்த பட்டுத் துண்டைத் தளபதியின் வாளில்லாத கைமேல் போர்த்தி, சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல உள்ளே விரல்களைப் பிடித்து அழுத்தினார். தாவூதும் வியாபாரிதானே, உதட்டைப் பிதுக்கி, பதிலுக்கு ஒரு விரலை மடக்கினார். கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது.

"செத்துத் தொலைய்யா!" என்று திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்தார் சுபான்.

நாகன் துண்டை உதறினார். "முடிஞ்சுதுங்க. பாதி நாடு அவருக்கு, உசுரு எனக்கு."

கைத்தட்டலில் கொட்டகை அதிர்ந்தது. விஷக் கிண்ணத்தோடு காத்திருந்த ராணி வேடக்காரர் குள்ளன், "அப்ப நான் சாவறதுங்களா, வாணாங்களா?" என்று கேட்டார்.

சுபான் கிண்ணத்தைப் பிடுங்கித் தானே குடித்தார். உள்ளே வெறும் கலர் சோடா. அந்த நாடகத்தில் யாருக்குமே சாகக் கொடுத்துவைக்கவில்லை.