மனசுக்கு உரம்

நாள் முழுவதும் பல் மருத்துவமனையில் அடுத்தவர் வாய்க்குள் போய்வந்த கருவிகளைக் கழுவுகிறவள் நான். சீழ், ரத்தம், சொத்தைப் பல், எதற்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் எங்கள் பால்கனியில் இருக்கும் நீல வாளியை நினைத்தாலே சோறு இறங்குவதில்லை.

எல்லாம் மனநல மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை. என் கணவர் பஸ் ஓட்டுநர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்து சக்கரத்தில் விழுந்து செத்துப்போனார். இவர் மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தும், மனுஷன் அதற்குப் பிறகு வீட்டைவிட்டு இறங்கவில்லை. தெருவில் பஸ் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "மனசுக்கு உரம் ஏறணும். செடி வைங்க. தினமும் எதையாவது உத்துப் பாத்து வரைங்க," என்றார் போனில் பேசிய அந்த மருத்துவர்.

இவர் உரத்தைத்தான் பிடித்துக்கொண்டார். மீன் குடலும் செவுளும் வெல்லத்தோடு போட்டு மூடிவைத்தால் நாற்றம் போய், நாற்பது நாளில் பழ வாசனையோடு செடிக்கு உரமாகிவிடுமாம். கடையில் வாங்கிவந்த பாவி நான்தான். இடையில் திறக்கக் கூடாது. இவரோ வரைவதற்காகத் தினமும் திறந்தார். ஈ மொய்த்தது, புழு வைத்தது. நோட்டு முழுக்கப் புழு, வளையம் வளையமாக, நிழலோடு. "இது நேத்தைவிடக் கொழுத்திருக்கு பாரு," என்று சாப்பிடும் நேரத்தில் நீட்டுவார். எட்டு மாதத்தில் அவராக என்னிடம் பேசிய பேச்சே அதுதான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்.

நேற்று, கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார்.

"ஏம்மா, உள்ள பொணம் கிணம் வச்சிருக்கீங்களா? சாயங்காலத்துக்குள்ள அது போகணும். இல்ல நீங்க போகணும்."

அந்த அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வாளியைத் தூக்கினேன். படிக்குப் படி தளும்பி, கொழகொழவென்று மணிக்கட்டில் வழிந்தது. வளையலுக்கு அடியில் ஒரு புழு நெளிந்தது. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று திட்டிக்கொண்டே எதிரில் இருந்த குப்பைத்தொட்டிக்குப் போனேன். வீட்டுக்காரம்மாவும் பின்னாலேயே வந்தார்.

வாளியைச் சாய்க்கும்போது குரல் கேட்டது.

"அதக் கொட்டாத."

ஈரத் தலையும் இடுப்பில் துண்டுமாகத் தெருவில் நின்றார். பக்கத்தில் ஒரு பஸ் உரசினாற்போல் போனது. துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் ஓடவில்லை.

"தெறந்தது என் தப்புதான். இனிமே தெறக்கல. கொஞ்ச நாள்ல பழ வாசனை வந்துடும்."

"பொணவாடைதான் வரும்," என்றேன்.

"வரலன்னா நானே கொட்டிடறேன். நானே கீழ எறங்கி வந்து." சொல்லிக்கொண்டே வாளியை வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா முடிவு?" என்றார் வீட்டுக்காரம்மா.

"நாங்க வேற வீடு பாத்துக்கிறோம்க்கா."

சொல்லி முடிக்கவும் குமட்டிக்கொண்டு வந்தது. குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். அந்தக் கையும் நாறியது.