பத்து நிமிஷம் முன்னால் ஓடிய கடிகாரம்

ஆலையின் மொட்டை மாடியில் காளான் மாதிரி ஒரு ஆன்டெனாவை மாட்டிய நாளிலிருந்து அவள் புருஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து அது நேரம் வாங்கிக் கொடுக்கும். கேட், சங்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கே அடங்கும்.

"இனிமே ஒரு நொடிகூட யாரும் ஏமாத்த முடியாதுடி."

"வாட்ச்மேன் அண்ணன் மூஞ்சியைப் பாத்து உள்ள விடுவாரு. உங்க காளானுக்கு மூஞ்சி தெரியுமா?"

அவளுக்கும் அங்கேதான் பேக்கிங் வேலை. மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். இன்னொன்று என்றால் சீட்டுக் கிழியும்.

வீட்டுச் சுவர்க் கடிகாரம் கல்யாணமான புதிதிலிருந்தே பத்து நிமிஷம் முன்னால் ஓடும். அவளை விரட்ட அவன் திருட்டுத்தனமாக வைத்தது. அவளா ஏமாறுகிறவள்? மனசுக்குள் பத்தைக் கழித்துவிட்டுத்தான் சாவகாசமாகத் தலை பின்னுவாள். அது அவனுக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை அவன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். அவள் வழக்கம்போலக் கணக்குப் போட்டுக் கிளம்பினாள். கேட்டில் அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு.

"ஏம்மா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இப்ப என் கையில ஒண்ணுமில்லையே," என்றார் வாட்ச்மேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மத்தியானத்துக்குள் சீட்டுக் கிழிந்துவிட்டது.

சாயங்காலம் புருஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான். "எப்படிடி லேட்டாச்சு? ஞாயித்துக்கிழமைதான கடிகாரத்தைச் சரியா வெச்சேன்! ஆலை முழுக்கச் சரியான நேரம், என் வீட்டுல மட்டும் தப்பான்னு..."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவனை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இத்தனை வருஷம் உன்னை ஏமாத்தினது தெரிஞ்சுடும்ல?"

"மொத நாள்லேருந்தே தெரியும். தினமும் பத்தைக் கழிச்சுட்டுத்தான் கிளம்புவேன்."

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். "மேனேஜர்கிட்ட பேசுறேன்."

"என்னன்னு? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டிருந்தோம், நடுவுல உங்க காளான் வந்துடுச்சுன்னா?"

மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதியபோது அவள் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முள் இம்மி பிசகவில்லை.

பழக்கதோஷம், மனசு பத்தைக் கழித்தது. இன்னும் நேரமிருக்கிறது என்றது.