காயாத அரக்கு

புதன்கிழமை காலையும் என் கணவர் பெய்மிங் பூச்சை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது. முப்பது வருஷமாக மேசை நாற்காலிக்கு அரக்கு பூசுகிறவர். அவர் பூசி ஐந்து நாளாகியும் காயாத பொருளை நான் கண்டதில்லை. அரக்கின் அரிப்பில் இமை வீங்கி, பாதிக் கண்ணோடு அந்தக் குச்சின் வாத்தியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடத்தி வைத்து மீட்டுகிற ஏழு நரம்பு வாத்தியம். இருநூறு வயதாவது இருக்கும்.

"அரக்கு மரத்துப் பால்ல கலப்படமோ என்னமோ. இல்ல, எனக்குக் கை போயிடுச்சு" என்றார்.

வாத்தியத்தை எங்களுக்கு விற்றவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தோங் ஐயா. வீட்டைக் காலி செய்துவிட்டு வடக்கே ஹார்பினில் மகனோடு இருக்கப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை ரயில். வாங்கப் போன அன்றே மேல்பலகையில் ஓடிய நீளப் பிளவைக் காட்டி, மறைக்காமல் சொன்னார்: "நான் செஞ்சதுதான். பதினோரு வயசு. வாசி வாசின்னு அப்பா உயிரை வாங்கினாரு. ஏறி மிதிச்சுட்டேன். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அவர் இதைத் தொடல. என்னைத் திட்டவுமில்ல." ஊருக்குப் போவதற்குள் ஒரு தடவை இதன் சத்தத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பெய்மிங் வாக்குக் கொடுத்துவிட்டார். அரக்கு மரத்துப் பாலில் மான்கொம்புப் பொடியைக் குழைத்துப் பிளவை அடைத்து, ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்துக் கடைசிப் பூச்சுக்கு வந்தபோதுதான் இப்படி. பூச்சு காயாமல் நரம்பு கட்ட முடியாது.

எனக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் ஊர் யாங்சோவில் ஜூன் மாத மழை என்றால் சுவர் வேர்க்கும், துண்டு நாறும், செருப்பில் பூஞ்சை பூக்கும். அந்த ஈரம் வாத்தியத்துக்கு ஆகாதென்று நானாகவே ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன்.

"கடைசிப் பூச்சு பூசினதுலேர்ந்து தினமும் ஈரம் உறிஞ்சுற மிஷினை இந்த ரூமுக்குள்ள வெச்சு ஓட்டுறேங்க. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் போட்டு, வர்றதுக்குள்ள எடுத்துடுவேன், உங்களுக்குத்தான் அந்த இரைச்சல் ஆகாதே. அப்படியும் காயலைன்னா பால்தான் கெட்டது" என்றேன், சமாதானமாக.

அவர் திரும்பிப் பார்த்தார். வீங்கிய கண் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"அடிப்பாவி. அரக்குப் பால் ஈரத்துலதான்டி காயும்."

முப்பது வருஷம் அரக்குக்காரரோடு குடித்தனம் செய்தும் இது எனக்குத் தெரியாது. தொட்டால் அரிக்கும் என்று பட்டறைப் பக்கமே போனதில்லை. எனக்கு அழுகை வந்தது. அவரோ சுவரில் சாய்ந்து சிரித்தார். "அப்போ என் கை போகல" என்றார், இரண்டு தடவை.

வாத்தியத்தைக் குளியலறைக்குத் தூக்கிப் போனோம். சுற்றிலும் ஈரத்துணி தொங்கவிட்டு, வெந்நீர் வாளிகளை வைத்துக் கதவைச் சாத்தினோம். இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளியல். "கல்யாணமான புதுசுலகூட நீ எனக்கு இவ்வளவு வெந்நீர் வெச்சதில்ல" என்று குத்தல் வேறு. வெள்ளிக்கிழமை நகத்தால் தட்டினார், டக்கென்று கேட்டது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

சனிக்கிழமை நரம்பு கட்டி முடித்தார். ஞாயிறு மதியம் தோங் ஐயா பெட்டியோடு வந்தார். தேநீரை வாங்கிக்கொண்டு, அடி வாங்கக் காத்திருக்கும் பிள்ளை போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெய்மிங்குக்குப் பெரிதாக வாசிக்க வராது. ஒரு நரம்பைச் சுண்டினார். ஆழமான சத்தம் எழுந்து, மெல்ல அடங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாவது நரம்பில் லேசாகக் கரகரப்பு இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஐயாவின் தலை மார்பில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டார். நிறுத்தட்டுமா என்று பெய்மிங் கண்ணால் கேட்டார். நிறுத்த வேண்டாம் என்று தலையசைத்தேன். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தூக்கத்திலும் சிந்தாமல் பிடித்திருந்த கோப்பையை, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்துக்கொண்டேன்.