ஆறு மணிக்குத் தட்டிய பலகை

கேட்டி என்ற அமெரிக்க ஊரில், திருமூர்த்தியின் கராஜில் இருந்த வால்நட் பலகை ஒன்று, சென்ற அக்டோபரிலிருந்து, தினமும் மாலை ஆறு மணிக்கு உள்ளிருந்து இரண்டு முறை தட்டியது. அந்த மாதம் மழை இல்லை. முட்டை விலை ஏறியிருந்தது.

திருமூர்த்தி எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருடம் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ராணுவத் துப்பாக்கிகளின் இரும்பு பாகங்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, அந்த இரும்பைத் தாங்கும் மரக்கட்டையைச் செய்து கொடுப்பார். செதுக்குவதைவிட, பலகை பொறுக்குவதில்தான் அவருக்குப் பேர். வெயிலில் நிறுத்திப் பார்ப்பார். கைப்பிடி மெலிகிற இடத்தில் ரேகை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வெடியின் உதைப்பில் அங்கேதான் பிளக்கும். புகை சுருண்டது போன்ற அழகெல்லாம் தோளில் பதிகிற அகன்ற பக்கத்தில் இருந்துகொள்ளட்டும். கடைசியாக விரல் முட்டியால் தட்டுவார். உள்ளே விரிசல் என்றால் சத்தம் மந்தமாக வரும். நல்ல மரம் கணீரென்று சொல்லிவிடும்.

இந்தப் பலகை வட கலிஃபோர்னியாவில் சாய்ந்த ஒரு கிழட்டு மரத்தின் அடிப்பாகம். பலமும் அழகும் இப்படி ஒன்றாய் அமைந்த துண்டு அதுவரை அவர் கைக்கு வந்ததில்லை. வெஸ்லி என்ற முன்னாள் ராணுவக்காரர், தன் 1903 மாடல் துப்பாக்கிக்கு அதையே கேட்டு வாக்கு வாங்கியிருந்தார். திருமூர்த்தி தட்டினார், கணீரென்றது. அவர் கை கழுவத் திரும்பியபோது பலகை இரண்டு தட்டு தட்டியது.

இரண்டு தட்டு என்றால் காபி ரெடி. ரம்பச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று, மனைவி அனந்தலக்ஷ்மி சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவிலுள்ள கதவில் இருபது வருடம் அப்படித்தான் தட்டினாள். அவர் ஒரு தட்டு தட்டினால் வருகிறேன் என்று பொருள். மூன்று தட்டு என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே வா. அது இரண்டே முறைதான் நடந்தது: அவருடைய அப்பா போன செய்தி வந்தபோதும், ஹார்வி புயலின் வெள்ளம் வாசற்படி ஏறியபோதும்.

அனந்தலக்ஷ்மி கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் மகள் மானஸாவின் பிரசவத்துக்கென்று மூன்று மாதத்துக்குப் போனவள். மூன்று மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. பேத்தி டேகேர் போக ஆரம்பித்து எட்டு மாதமாகியும் அவள் திரும்பவில்லை. கிளம்பும்போது, "நீங்களும் வாங்களேன்" என்றாள். "எனக்கு இங்க ஆர்டர் இருக்கு" என்றார். அதன்பின் அவளும் வாங்க என்று கூப்பிடவில்லை, அவரும் திரும்பி வா என்று சொல்லவில்லை. அரை டம்ளர் அரிசி வைத்தாலும் சாதம் மிஞ்சியது. ஃபோனில் தினமும் ஒரே பேச்சு.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு."

பலகைக்கு அவர் தினமும் ஒரு தட்டு பதில் தட்டினார். பிறகு தானே காபி கலந்து, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குடித்தார். நவம்பரில் மானஸா கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா டெய்லி நாலு மணிக்கு டைனிங் டேபிள்ல காது வச்சுட்டு உக்காந்திருக்காளாம். பாப்பாவை டேகேர்லேந்து கூட்டிட்டு வர்ற ஆயா சொல்றா. வியர்டா இருக்கு."

"எந்த டேபிள்?"

"புதுசு பா. வால்நட். இங்கயே ஏதோ பெரிய மரம் விழுந்துதாம், அதுல கஸ்டமா பண்ண வச்சோம்."

அங்கே நாலு என்றால் இங்கே ஆறு.

பக்கத்து வீட்டு ஹாஜா நஜ்முதீனிடம் மட்டும் சொன்னார். ஹாஜா ஆச்சரியப்படவில்லை. "மரத்துல தட்டுறதுக்கு, ஃபோன்ல வான்னு ஒரு வார்த்தை சொல்லலாமேண்ணே?"

"வரலன்னு சொல்லிட்டா?"



டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மரம் அறுபடுவதைப் பார்க்க வெஸ்லி வந்து நின்றார். கொடுத்த வாக்கு. திருமூர்த்தி பென்சிலால் கட்டையின் உருவத்தை வரைந்தார். கோடு இரண்டு இடத்தில் கோணியது. பதினொரு மணிக்கு ரம்பத்தை ஓடவிட்டுப் பலகையை மேடையில் வைத்தார். பல் மரத்தைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரம் இருக்கும்போது, ரம்பச் சத்தத்தையும் மீறி மூன்று தட்டு கேட்டது.

அவர் சுவிட்சை அணைத்தார்.

"யாரோ கூப்பிடுகிறார்களே, போங்கள்" என்றார் வெஸ்லி ஆங்கிலத்தில். சுருளும் புகையும் இல்லாத, ரேகை மட்டும் நேராக ஓடிய வேறொரு பலகையைத் தானே எடுத்து, தட்டிப் பார்த்து, இது போதும் என்று வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை சான்டா கிளாராவில் கதவைத் திறந்தவள் அனந்தலக்ஷ்மிதான். "மூணு தட்டினா உடனே வரணும். ஒம்போது மணி நேரமா?"

"ஃப்ளைட் லேட்டு. என்ன ஆச்சு?"

"டேபிள்ல ரம்பம் ஓடற சத்தம் கேட்டுது. அறுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன்." அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க, காபி ஆறுது."

மேசையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன.

கேட்டி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. செடிகளுக்குத் தண்ணீர் விடுவது ஹாஜா. மாலை ஆறு மணிக்குப் பூட்டிய கராஜுக்குள்ளிருந்து இரண்டு தட்டு கேட்கும். சற்றுப் பொறுத்து ஒரு தட்டு. ஹாஜா கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, ஹோஸை இழுத்தபடி அடுத்த செடிக்குப் போவார்.